செயப்படுபொருள் குன்றிய ஓவியம்

2025 செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள், நம்முடன் பணிபுரியும் தமிழாசிரியர் நாளிதழொன்றைச் சுருட்டிப் பிடித்தவாறு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். வாசுதேவ் சாந்து கெய்தோண்டே என்னும் ஓவியர் 1970இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று டெல்லி ஏலத்தில் 67 கோடி ரூபாய்க்குப் போயிற்று என்பது செய்தி. அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஓவியத்தின் படமும் இருந்தது. "ஹஜ்ரத், இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! எங்கள் வீட்டுச் சுவரில் மழைநீர் இறங்கிய இடத்தைப் பெயர்த்துக் கொடுத்தால் எனக்கு யாராவது ஒரு கோடியாவது தருவார்களா?" என்று கேட்டார். அறை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கணக்காசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அறுபத்தேழு கோடி கொடுத்தவன் பைத்தியக்காரனா? விஷயம் இல்லாமலா இவ்வளவு கொடுப்பான்?" என்றார் அவர்.

ஒருவர் பழிக்கிறார், மற்றவர் மெச்சுகிறார். இவை ஒன்றுக்கொன்று எதிரான கட்சிகள் போலத் தோன்றும். நாம் சொல்கிறோம், இரண்டும் ஒரே கட்சிதான். ஒருவர் விலையைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர் விலையைப் பார்த்து மதித்தார். ஓவியத்தைப் பார்த்தவர் அவ்வறையில் எவருமில்லை. பார்க்க இயலவும் இயலாது. ஆளுயரக் கித்தானில் அடுக்கடுக்காய்ப் பூசப்பட்ட ஒன்றைத் தீப்பெட்டி அளவு அச்சில் பார்த்தேன் என்பது, கடலைக் குப்பியில் பார்த்தேன் என்பதற்கு நிகர்.

இந்தக் கெய்தோண்டே யார்? 2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில் 23 கோடிக்கு மேல் போனவர், 2015இல் 29 கோடி, 2021இல் 39 கோடி, 2025இல் 67 கோடி: நமது நாளிதழ்கள் எழுதும் வாழ்க்கை வரலாறு இதுவே. ஆனால் அம்மனிதர் 2001 ஆகஸ்டு 10ஆம் நாளே மறைந்துவிட்டார். இக்கோடிகளில் ஒன்றையும் அவர் கண்டதில்லை. பிறந்தது 1924இல், நாகபுரியில், குடும்பம் கோவாவைச் சேர்ந்தது, வளர்ந்தது பம்பாயில். சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று 1948இல் பட்டயம் பெற்றார். சூஸா, ரஸா, ஹுசைன் ஆகியோர் 1947இல் கூட்டிய முற்போக்கு ஓவியர் குழுவோடு சிறிது காலம் சேர்ந்து நின்றார். தொடக்கத்தில் மனித உருவங்களையும் வரைந்தவர்தாம். உருவம் எழுத வராதவரே உருவமில்லாததை எழுதுவர் என்று சொல்லித் திரிவோர் இதனைக் குறித்துக்கொள்வது நலம். 1957இல் தோக்கியோவில் நடந்த இளம் ஆசிய ஓவியர் கண்காட்சியில் முதற்பரிசு, 1964இல் ராக்பெல்லர் நிதியின் உதவியில் நியூயார்க் வாசம், 1971இல் பத்மஸ்ரீ. 1972இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து நிஜாமுதீன் கிழக்கில் ஒரு சிறு வீட்டில் தனியாக வாழ்ந்து வரைந்தார்.

மதுரா சாலைக்கு மேற்கே நிஜாமுதீன் அவ்லியாவின் தர்காவும் அமீர் குஸ்ருவின் அடக்கவிடமும். கிழக்கே இந்த மனிதரின் வீடு. மாணவப் பருவத்தில் மேற்குப் பக்கத்துக்கு நாம் இரண்டொரு முறை போயிருக்கிறோம். கிழக்குப் பக்கத்தைத் திரும்பியும் பார்த்ததில்லை. யாரும் சொன்னதுமில்லை.

இனி, அவர் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். பழிப்போரும் மெச்சுவோரும் ஒருசேரத் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

எண்ணெய் வண்ணம் என்பது நீர் வண்ணத்தைப்போல ஈரம் ஆவியாகி உலர்வதன்று. வண்ணப்பொடியைப் பிணைத்து நிற்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் வேண்டும்; தடித்த பூச்சு உள்ளே இறுக மாதக்கணக்கும் ஆகலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருக்கவேண்டும். முறை மாறினால் பின்னாளில் மேற்பரப்பு வெடித்துப் போகும். ஆகவே எண்ணெய் வண்ணத்தில் அடுக்கடுக்காக வேலை செய்பவனுக்கு அவசரம் என்பது கூடாத ஒன்று. பொருளின் இயல்பே அவனைக் காத்திருக்க வைக்கிறது.

கெய்தோண்டே தூரிகையை ஏறத்தாழக் கைவிட்டார். வண்ணம் குழைக்கும் தட்டைக் கத்தியும் உருளையும் அவருடைய கருவிகளாயின. உருளை என்றதும் நம் நண்பர் மறுபடியும் சிரித்தார்: "சுவருக்குச் சாயம் அடிப்பவரும் உருளைதானே வைத்திருக்கிறார்?" ஆம். ஆனால் சுவருக்கு அடிப்பவர் அடியிலுள்ளதை மறைப்பதற்காக உருட்டுகிறார். இவர் உருட்டியதோ அடியிலுள்ளது மேலே தெரிவதற்காக. ஒரு மெல்லிய படலம், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. இடையிடையே கத்தியால் வழித்தெடுப்பு. செய்தித்தாள், வார இதழ்த் தாள்களைத் துண்டாக்கி ஈரமான வண்ணத்தில் ஒற்றி எடுப்பார். தாள் சிறிது வண்ணத்தை எடுத்துக்கொண்டு போகும், சிறிது விட்டுப் போகும். அந்தச் சுவடு கித்தானில் நிற்கும். தூரிகையில் வரைபவனின் கைவீச்சு ஒவ்வொரு கோட்டிலும் கையொப்பம் போலத் தெரியும். உருளையிலோ கைவீச்சு கரைந்துவிடுகிறது. எஞ்சுவது வண்ணமும், அதன் அடியிலிருந்து கசியும் ஒளியும்.

இவ்வளவும் கைவேலை. ஆனால் அவருடைய நாட்களில் பெரும்பகுதி கைவேலையில் கழியவில்லை. வெற்றுக் கித்தானின் முன் உட்கார்ந்திருப்பதில் கழிந்தது. ஜென் நெறி நூல்களில் ஈடுபாடு கொண்டவர். மௌனத்தைத் தம் வேலையின் பகுதியாகவே கொண்டார். ஓராண்டில் அவர் முடித்த கித்தான்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1984இல் ஒரு விபத்தில் உடல் நொந்து, பெரிய கித்தான்களை நெடுநாள் தொட இயலாமல், தாளில் சிறிய மைச்சித்திரங்கள் வரைந்தார். பிறகு பெரியவற்றுக்கு மீண்டார். அவரை இமயமலைத் துறவி போலச் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் மிகை. சினிமா பார்ப்பார், இசை கேட்பார். தமக்கு வேண்டாததை வேண்டாமென்று ஒதுக்கியவர், அவ்வளவே.

குழந்தையும் இப்படிக் கிறுக்குமே என்பது மிகப் பழைய ஆட்சேபம். குழந்தை கிறுக்கும், நன்றாகவும் கிறுக்கும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பது குழந்தைக்குத் தெரியாது. பால் குடிக்கக் கூப்பிட்டால் நிறுத்திவிடும். ஒரு படலம் போதுமா, இன்னொன்று வேண்டுமா, வழித்ததை விட்டுவிடலாமா என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்து, போதும் என்று ஒரு நாள் விலகுவது வேறு காரியம். நாம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது படும் பாடும் இதுவே. தொடங்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நிறுத்தச் சொல்லிக் கொடுப்பது எளிதன்று.

சரி, "இது எதன் படம்?" என்னும் கேள்விக்கு வருவோம். அரபி இலக்கணத்தையும் தமிழ் இலக்கணத்தையும் முப்பது ஆண்டுகளாகப் பயிற்றுவிக்கும் நமக்கு, இக்கேள்வி ஓர் இலக்கணப் பிழையாகவே படுகிறது.

"குயவன் பானையை வனைந்தான்" என்றால், எதை வனைந்தான் என்று கேட்கலாம். "பூ மலர்ந்தது" என்றால், எதை மலர்ந்தது என்று எவரேனும் கேட்பாரா? தமிழ் இலக்கணம் முன்னதைச் செயப்படுபொருள் குன்றா வினை என்கிறது. பின்னதைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்கிறது. அரபியில் முன்னது 'முதஅத்தீ', தாண்டிச் செல்வது. பின்னது 'லாஸிம்', தன்னிடத்தே நிற்பது. குன்றிய வினை என்பதால் அவ்வினைக்கு ஒரு குறையுமில்லை. மலர்ந்தது என்பதில் மலர்ச்சி முழுமையாக இருக்கிறது. 'லாஸிம்' என்னும் சொல்லுக்கு நம் ஊர்ப் பேச்சில் 'கட்டாயம் வேண்டியது' என்னும் பொருள் வழங்குவதை வாசகர் அறிவர். எதையும் தாண்டிப் போகாத வினைக்கு அரபியர் வைத்த பெயர் இது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சியே.

கெய்தோண்டே தம் ஓவியங்களை அரூப ஓவியம் என்று சொல்வதை ஏற்கவில்லை. பொருள்சாரா ஓவியம் என்னும் பொருள்படும் சொல்லையே விரும்பினார். இதில் வீண்பிடிவாதம் ஒன்றுமில்லை. மரத்தைப் பார்த்து, இலையைக் கழித்து, கிளையைக் கழித்து, நிமிர்வை மட்டும் எழுதினால் அது உரித்தெடுத்தல். இக்கால அரபியர் அத்தகைய கலையைத் 'தஜ்ரீத்' என்று அழைப்பது அதனாலேயே. அங்கே தொடக்கத்தில் ஒரு மரம் இருந்தது. இவருடைய கித்தானுக்கோ தொடக்கத்திலேயே மரம் இல்லை. ஆகவே இது எதன் படம் என்று கேட்பது, பூ எதை மலர்ந்தது என்று கேட்பதாகும். மேலும், அரூபம் என்னும் சொல்லே நமக்குத் தவறாகத் தோன்றுகிறது. நீள்சதுரம் உண்டு, பட்டைகள் உண்டு, திட்டுகள் உண்டு, அடர்வும் நொய்ம்மையும் உண்டு. உருவம் நிறையவே இருக்கிறது. இல்லாதது செயப்படுபொருள் ஒன்றுதான். பெரும்பாலான கித்தான்களுக்கு அவர் தலைப்பும் வைக்கவில்லை. தலைப்பு வைத்தால் நாம் தலைப்பைப் பார்த்துவிட்டு ஓவியத்தை விட்டுவிடுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொருள் விளங்காததை ரசிக்க முடியாது என்பவர்களை ஒன்று கேட்கிறோம். நமது ஊர்ப் பள்ளிவாசலில் மிஹ்ராபுக்கு மேலே துலுத் எழுத்தில், எழுத்தின்மேல் எழுத்தேறிப் பின்னிக்கிடக்கும் வாசகம் ஒன்று இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக அதன்கீழ் தொழுதுவரும் பெரியவர்கள் பலரை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோம். குர்ஆனைச் சரளமாக ஓதுகிறவர்களே அந்தப் பின்னலைப் பிரித்து வாசிக்க மாட்டாமல் நின்றார்கள். ஆனால் வெள்ளையடிக்க வந்தவர் அதன்மேல் ஒரு சொட்டுச் சுண்ணாம்பைத் தெறித்தபோது, பதறி ஏணியைப் பிடித்தவர்களும் அவர்களே. வாசிக்க முடியாத ஒன்றின் அழகு அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அங்கே கொடுக்கும் பொறுமையை ஒரு கித்தானுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்பதே நம் கேள்வி. இதனால் கெய்தோண்டே நம்முடைய கலை மரபைச் சேர்ந்தவர் என்று நாம் சொல்லவில்லை. உருவமில்லாத ஓவியம் எங்கே தோன்றினாலும் 'அது நம்மிடமிருந்து போனதே' என்று உரிமை கொண்டாடும் பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. அவர் தமக்கு வேண்டியதைப் பால் க்ளேயிடமும் ஜென்னிடமும் தேடினார். அதை அவருக்கே விட்டுவிடுவது நேர்மை.

பழிப்பவர்களுக்கு இவ்வளவு சொன்ன நாம், போற்றுகிறவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. கண்காட்சிக் கையேடுகள் சிலவற்றை நாம் படித்திருக்கிறோம். 'எல்லையின்மையின் விளிம்பில் மௌனம் தன்னையே விசாரிக்கிறது' என்கிற ரகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். எந்த ஓவியருக்கும் பொருந்தும் சொற்கள் எந்த ஓவியரையும் சொல்லவில்லை என்பதே உண்மை. கத்தியால் வழித்தார், தாளை ஒற்றினார், உலரும்வரை காத்தார் என்று எழுதினால் படிப்பவனுக்குக் கண் திறக்கும். அதை எழுத அந்தப் பேனாக்களுக்கு மனம் வருவதில்லை. சாதாரண மக்கள் சிரிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கையேடுகளே. மற்றொன்றும் சொல்லிவிடுகிறோம்: பொருளில்லா ஓவியம் என்று இன்று தொங்கவிடப்படுவனவற்றில் உள்ளீடற்றவையும் உண்டு. கெய்தோண்டேயின் அமைதியை விட்டுவிட்டு அவருடைய பழுப்பையும் மஞ்சளையும் மட்டும் நகல் செய்தவர்கள் இல்லாமலில்லை. பதர் இருப்பதைக் காட்டி நெல்லே இல்லை என்று வாதிடுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

இனி நம் வழக்கின் உண்மையான இடத்துக்கு வருகிறோம். இத்தகைய ஓவியம் நேரில் நின்று பார்ப்பதற்கென்றே பிறந்தது. அச்சில் வராது, கைப்பேசித் திரையிலும் வராது. வண்ணப் படலத்தின் அடியிலுள்ள படலம், நாம் ஓரடி நகர்ந்தால் வேறாகத் தெரியும். ஆகவே காட்சிக்கு வைப்பது இங்கே வரைவதைப் போலவே முதன்மையான காரியம். வரைந்தவர் முடித்ததோ சொற்பம். அந்தச் சொற்பமும் எங்கே இருக்கிறது? நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2014 அக்டோபரிலிருந்து 2015 பிப்ரவரிவரை அவருடைய வாழ்நாள் பணியைத் திரட்டிப் பெருங்காட்சி நடத்தியது. பின்னர் அது வெனிசுக்கும் போயிற்று. இந்தியாவில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் ஓவியங்கள் உண்டு. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொகுப்பில் உண்டு. சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள ஜஹாங்கீர் நிக்கல்சன் தொகுப்பில் உண்டு. மற்றவற்றில் பெரும்பகுதி தனியார் சுவர்களில், அல்லது தனியார் பெட்டகங்களில்.

ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் சில நாட்கள் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. அந்தச் சில நாட்களே பல கித்தான்களுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் வாய்க்கும் ஒரே கண்காட்சி. சுத்தியல் விழுந்ததும் அவை மறுபடியும் ஒரு வீட்டுக்குள் போய்விடும். விலை ஏற ஏறக் காப்பீட்டுச் செலவு ஏறும். இரவல் கொடுக்க உடையவர் அஞ்சுவார். இரவல் வாங்க அருங்காட்சியகம் தயங்கும். விலையே திரையாகிறது. கணக்காசிரியர் மெச்சிய அந்த 67 கோடி, ஓவியத்தை அவர் கண்ணிலிருந்து இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறது என்பதை அவர் எண்ணவில்லை.

விலையைப் பற்றியே பேசுவதானால் இதையும் பேசவேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 53அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மூல ஓவியம் மறுவிற்பனையாகும்போது, அதன் உரிமையின் முதல் உடைமையாளராக இருந்த ஓவியருக்கோ அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்கோ அவ்விலையில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. பதிப்புரிமை முடியும்போது இவ்வுரிமையும் முடியும் என்று அப்பிரிவு சொல்கிறது. சட்டம் இருக்கிறது. கோடிகளைக் கொட்டை எழுத்தில் போட்ட செய்திகளில், நாம் படித்தவரை, ஒன்றிலேனும் இப்பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று ஊகம் எழுதுவதற்கு இடமிருந்தது. வரைந்தவன் பக்கத்துக்கு என்ன போயிற்று என்று கேட்பதற்கு இடமில்லை.

வாங்கியவர்கள் மேல் நமக்குப் பொறாமை இல்லை. வாங்கியதை ஆண்டில் ஒரு மாதமேனும் பொதுக் கூடத்தில் தொங்கவிடுங்கள் என்று கேட்கிறோம். அரசின் அருங்காட்சியகங்களை, உங்கள் கிடங்கிலுள்ளதை முறைவைத்து வெளியே எடுங்கள், பக்கத்தில் ஓர் ஆசனம் போடுங்கள் என்று கேட்கிறோம். ஆசனம் என்றது விளையாட்டுக்காக அன்று. ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கித்தான் ஒன்றின்முன் நாம் நின்றோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நிகழவில்லை. நம் தமிழாசிரியர் சொன்ன மழைநீர்ச் சுவர்தான் நமக்கும் தெரிந்தது. இன்னும் சிறிது நேரம் போனபின், மேலே தெரிந்த மங்கல் நிறத்துக்கு அடியிலிருந்து வேறொரு நிறம் வெளியே வரத் தொடங்கிற்று. விளக்கை யாரும் மாற்றவில்லை. மாறியது நம் கண். அதற்குள் முழங்கால் வலி எடுத்துவிட்டது. உட்கார இடமிருந்திருந்தால் இன்னும் எத்தனை வந்திருக்குமோ, அறியோம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் எளிதில் ஒத்துக்கொள்பவர் அல்லர். "உங்கள் இலக்கணம் சரி, ஹஜ்ரத். ஆனால் குன்றிய வினைக்கும் எழுவாய் உண்டே. பூ மலர்ந்தது, சரி. இங்கே பூ எது?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. வண்ணமே எழுவாய் என்றோம். அவர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. கோடை விடுமுறையில் டெல்லிக்குச் சேர்ந்தே போவது என்று முடிவாகியிருக்கிறது. அந்தக் கித்தான் அப்போது சுவரில் இருக்குமா, கிடங்கில் இருக்குமா என்று எழுதிக் கேட்கவேண்டும். இருந்தால் அதன்முன் பத்து நிமிடம் நிற்க அவர் சம்மதித்திருக்கிறார். நாம் அரைமணி நேரம் கேட்டிருக்கிறோம். பேரம் இன்னும் முடியவில்லை.